வாளையாறு தாண்டினா இன்னொரு வரி

போன வாரம் எழுதறேன்னு சொன்ன சினிமா விமர்சனம் இந்த வாரமும் இல்லை. படம் பார்த்தாச்சு, எழுதத்தான் மனசு வரலை. காரணம் என் மேசை மேல கிடக்கற நாலு சம்பளச் சீட்டு. ரெண்டு நாளா அதையே முறைச்சுப் பார்த்துட்டு இருக்கேன்.

கதை இதுதான். போன வருசம் மே, ஜூன் ரெண்டு மாசம் கஞ்சிக்கோட்டுல ஒரு தொழிற்சாலையில பயிற்சி. மாசம் 11,000. ஜூலையில இருந்து டிசம்பர் வரைக்கும் காந்திபுரத்துல ஒரு பயிற்சி மையத்துல சாயங்காலம் பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தேன். மாசம் 8,000. இந்த ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் கடைசி செமஸ்டருக்காகப் பெங்களூருல ஒரு கம்பெனி. மாசம் 26,000. மூணு ஊரு, மூணு மாநிலம், மொத்தம் 1,48,000 ரூபாய். எங்க அப்பா சோமனூர்ல தறி ஓட்டறவர். "பரவால்லடா, படிக்கறப்பவே ஒன்றரை லட்சமா"ன்னு அம்மாகிட்ட நாலு தடவை சொல்லிட்டார்.

நானும் சந்தோசமாத்தான் இருந்தேன், சீட்டுல 'தொழில் வரி'ன்னு ஒரு வரி இருக்கறதைப் படிக்கற வரைக்கும்.

கஞ்சிக்கோட்டுல 450 ரூபாய். பெங்களூருல ஜனவரிக்கு 200, பிப்ரவரிக்கு 300, மார்ச்சுக்கு 200. கோயமுத்தூர்ல ரெண்டு அரையாண்டுக்கும் தலா நூறு ரூபாய்க்கு மேல. எல்லாம் கூட்டினா கிட்டத்தட்ட 1,400. "ஏண்டா, ஆயிரத்து நானூறு ரூபாய்க்கா இந்தக் கூப்பாடு"ன்னு அப்பா கேட்டார். நீங்களும் கேப்பீங்க. கொஞ்சம் பொறுங்க, கணக்கைப் போட்டுக் காட்டறேன்.

நம்ம நாட்டுல வருமான வரின்னா அது மத்திய அரசோட சமாச்சாரம். ஒரே வரி, ஒரே பான் எண், ஒரே படிவம். நான் எந்த மாநிலத்துல சம்பாதிச்சேன்னு அவங்களுக்குக் கவலை இல்லை. மாநில வருமான வரின்னு இங்கே ஒண்ணு கிடையாதுன்னுதான் பள்ளிக்கூடத்துல படிச்சோம். ஆனா பின்வாசல் வழியா ஒண்ணு இருக்குங்க. அரசியல் சட்டம் 276-வது பிரிவு. தொழில், வியாபாரம், வேலை இதுக்கெல்லாம் மாநிலமோ உள்ளாட்சியோ வரி போடலாம், அதை வருமானத்து மேல போட்ட வரின்னு சொல்லி யாரும் செல்லாதுன்னு தள்ள முடியாதுன்னு அந்தப் பிரிவே சொல்லுது. அதாவது பேரு மட்டும் தொழில் வரி. போடறது உன் வருமானத்தைப் பார்த்துத்தான். தட்டு தட்டா வருமானம், தட்டுக்குத் தட்டு வரி. பூனையை முயல்னு பேரு வெச்சுக் கூப்பிடறாங்க.

அதே பிரிவுல ஒரு உச்சவரம்பும் இருக்கு. ஒருத்தர்கிட்ட வருசத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாது. 1950-ல இது 250 ரூபாய். 1988-ல அறுபதாவது திருத்தம் வந்து பத்து மடங்கு ஆக்குச்சு. அன்னிலிருந்து இன்னிக்கு வரைக்கும் அதே 2,500. படிக்கறப்ப "அட, ஏழை பாழைங்களுக்குப் பாதுகாப்பு"ன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை படிச்சப்பத்தான் புரிஞ்சது. அந்த வரம்பு ஒரு மாநிலத்துக்குள்ள. அடுத்த மாநிலத்துக்குப் போனா மீட்டர் மறுபடி பூஜ்யத்துல இருந்து ஓடும்.

இப்ப அந்தத் தட்டுகளைப் பாருங்க. தமிழ்நாட்டுல அரையாண்டு வருமானம் 21,000 வரைக்கும் வரி இல்லை. அரையாண்டுங்க! மாசத்துக்குப் பிரிச்சா 3,500 ரூபாய். என் மெஸ் பில்லே அதுக்கு மேல. 2000-கள்ல நம்ம சீனியர்ங்க சம்பளம் வாங்கறப்பவும் இதே 21,000-தான். அதுக்கப்புறம் டீ விலை ஏறிச்சு, பஸ் டிக்கெட் ஏறிச்சு, காலேஜ் ஃபீஸைப் பத்திப் பேசவே வேண்டாம், இந்தத் தட்டு மட்டும் மருதமலை மாதிரி அசையாம உக்காந்திருக்கு. கேரளாவுல இன்னும் மோசம், அரையாண்டுக்கு 12,000 தாண்டினாலே ஆரம்பம். 2024 அக்டோபர்ல அங்கே கீழ்த்தட்டுக்காரங்களுக்குத்தான் வரியை ஏத்தினாங்க. கீழ்த்தட்டுல 120 ரூபாயா இருந்தது 320 ஆச்சு. மேல் தட்டு 1,250 அப்பிடியே. ஏன்னா அதுக்கு மேல அரசியல் சட்டம் விடாது. ஏத்த வழி இருக்கறது கீழேதான், அதனால கீழே ஏத்தினாங்க.

கர்நாடகா கொஞ்சம் மனசு வெச்சுது. 2023 ஏப்ரல்ல இருந்து மாசம் 25,000-க்குக் கீழே வாங்கறவங்களுக்கு வரி இல்லை. எனக்கு 26,000. ஆயிரம் ரூபாய்க்கு மேல கம்மியாக் குடுத்திருந்தா 700 மிச்சமாயிருக்கும் :-)

இதுல இன்னொரு கூத்து. சென்னையில அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினா 1,250 ரூபாய். அதுதான் மேல் தட்டு, அதுக்கு மேல தட்டே கிடையாது. அதாவது மாசம் 12,501 வாங்கற கடைப் பையனும் வருசத்துக்கு 2,500 கட்டறான், மாசம் அஞ்சு லட்சம் வாங்கற மேனேஜரும் 2,500 கட்டறார். பையனுக்கு அது வருமானத்துல நூத்துக்கு ஒண்ணரைக்கு மேல. மேனேஜருக்கு நூத்துக்கு 0.04. நாற்பது மடங்கு வித்தியாசம். இதையே வருமான வரியில யாராவது செஞ்சிருந்தா தெருவுல இறங்கியிருப்போம். இது சம்பளச் சீட்டோட மூலையில சின்ன எழுத்துல இருக்கறதால யாரும் பார்க்கறதில்லை.

என் 1,48,000-க்கு வருமான வரி பூஜ்யம். 2025-26-ல புதிய முறைப்படி 12 லட்சம் வருமானம் வரைக்கும் யாருக்கும் வரி இல்லை. நல்லது, வாழ்க. அந்த 12 லட்சக்காரர் தொழில் வரியா அதிகபட்சம் கட்டறது 2,500, நூத்துக்கு 0.2. நான் கட்டினது நூத்துக்கு 0.95 கிட்ட. அவரைப் போல நாலரை மடங்கு! ஹாஸ்டல் ரூம்ல மூணு பேரா ஒரு ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கறவன் நான்.

நிற்க. வரியே வேண்டாம்னு சொல்ல வரலைங்க. கஞ்சிக்கோட்டுல கட்டின 450 புதுசேரி பஞ்சாயத்துக்குப் போகுது. அந்த ஊர் ரோட்டுல ரெண்டு மாசம் நடந்தேன், அந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சேன். கோயமுத்தூர் மாநகராட்சிக்குத் தெருவிளக்குப் போடவும் சாக்கடை தூர் வாரவும் காசு வேணும், அதுவும் தெரியும். உள்ளாட்சிக்குன்னு கையில இருக்கற வரியே நாலஞ்சுதான், அதுல இது ஒண்ணு. கட்டத் தயார். ஒரு மனுசன், ஒரு வருசம், ஒரே கூலி, அதுக்கு எத்தனை எல்லை தாண்டறானோ அத்தனை தடவை முதல்ல இருந்து எண்ணுவேன்னு சொல்றதுதான் தாங்கலை.

பெங்களூருல சம்பளப் பிரிவுல ஒரு அக்கா இருந்தாங்க. தர்மபுரிக்காரங்க, தமிழ்லயே பேசுவாங்க. போய்க் கேட்டேன். "அக்கா, நான் இந்த வருசம் ஏற்கெனவே கேரளாவுலயும் கோயமுத்தூர்லயும் கட்டியிருக்கேன். அதைக் கழிச்சுக்க முடியுமா?"

"அது வேற மாநிலம் தம்பி."

"சரிங்க்கா. திருப்பி வாங்கறதுக்கு ஏதாச்சும் படிவம்?"

அவங்க சிரிச்சாங்க. கேலியா இல்லை, பாவம்டா நீங்கற மாதிரி. "அப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்லை தம்பி. கம்பெனி பிடிக்கும், மொத்தமாக் கட்டும், அவ்வளவுதான்."

அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது. என்கிட்ட ரசீது கூடக் கிடையாது! சம்பளச் சீட்டுல ஒரு வரி, அவ்வளவுதான். கட்டினதுக்கு அத்தாட்சி என் பேர்ல எங்கேயும் இல்லை. வருமான வரியில 26ஏஎஸ்னு ஒண்ணு இருக்கு. உன் பேர்ல யார் எவ்வளவு பிடிச்சாங்கன்னு நீயே இணையத்துல பார்த்துக்கலாம். என் ரூம்மேட் ஈரோட்டுக்காரன், அவனுக்கு ஒரு கம்பெனி பத்து சதவீதம் டிடிஎஸ் பிடிச்சுட்டாங்க. ஜூலையில உக்காந்து கணக்குத் தாக்கல் பண்ணினான். பிடிச்ச மொத்தமும் பேங்க்குல வந்து விழுந்துச்சு, எங்களுக்கு அன்னபூர்ணாவுல டிபன். தொழில் வரிக்கு அந்த டிபன் கிடையாது. பழைய வருமான வரி முறையில இருந்தா தொழில் வரியைக் கழிச்சுக் காட்டலாம், புதிய முறையில அதுவும் இல்லை. வரியே வராத என்னை மாதிரி ஆளுக்கு எதுல இருந்து கழிக்கறது?

சரி, நாமதான் இப்பிடி, மத்த ஊர்ல எப்பிடின்னு பார்ப்போம். எங்க பெரியம்மா பொண்ணு பென்சில்வேனியாவுல படிக்கறா. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் தனி வருமான வரி. ஒரு கோடையில கலிபோர்னியாவுல வேலை பார்த்தா. அடுத்த ஏப்ரல்ல ராத்திரி பூரா உக்காந்து படிவம் நிரப்பினாளாம். மத்திய அரசுக்கு ஒண்ணு, கலிபோர்னியாவுக்கு ஒண்ணு, பென்சில்வேனியாவுக்கு ஒண்ணு. போன்ல ஒரே அழுகை. ஆனா பாருங்க, அந்தப் பென்சில்வேனியா படிவத்துக்குள்ள ஒரு அட்டவணை. அங்கே கட்டின வரியை இங்கே கழிச்சுக்கலாம். அடுத்த வருசம் பக்கத்து நியூஜெர்சியில வேலை கிடைச்சுது. அந்த ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல ஒப்பந்தமே இருக்கு. குடியிருக்கற மாநிலம் மட்டும்தான் சம்பளத்துக்கு வரி போடும். ஒரு சின்னப் படிவத்தை முதலாளிகிட்ட குடுத்தா நியூஜெர்சி பிடித்தம் நின்னுடும்.

அங்கேயும் இது தானா வந்துடலை. மேரிலாந்து மாநிலம் தன் குடிமக்கள் வெளி மாநிலத்துல கட்டின வரியை முழுசாக் கழிச்சுக்க விடலை, உள்ளூர்ப் பங்கை மட்டும் விடாம வாங்கிட்டு இருந்துச்சு. ஒரு தம்பதி வழக்குப் போட்டாங்க. 2015 மே மாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அஞ்சுக்கு நாலு நீதிபதிகள், மயிரிழைதான். எல்லை தாண்டிச் சம்பாதிக்கறவன் மேல, வீட்டுக்குள்ளயே சம்பாதிக்கறவனைவிட அதிகப் பாரம் ஏத்தக் கூடாதுங்கறதுதான் தீர்ப்போட சாரம். வின் வழக்குன்னு தேடுங்க, கிடைக்கும்.

பெரியம்மா பொண்ணு படிவத்தைப் பார்த்து அழுதா. எனக்கு அழறதுக்கு ஒரு படிவம் கூட இல்லை!

அமெரிக்காவை விடுங்க, நம்ம ஊருக்கே வருவோம். வாளையாறு சோதனைச் சாவடி ஞாபகம் இருக்கா? நான் சின்னப் பையனா பாலக்காட்டுக்குப் போறப்பெல்லாம் பஸ் ஜன்னல்ல இருந்து லாரிகளை எண்ணுவேன். கிலோமீட்டர் கணக்குல வரிசை. டிரைவர்ங்க லாரிக்கு அடியில அடுப்பு வெச்சுச் சமைச்சுட்டு இருப்பாங்க. 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்துச்சு, வணிகவரிச் சாவடி போச்சு. இன்னிக்குத் திருப்பூர்க்காரர் மகாராஷ்டிராவுல இருந்து நூல் வாங்கினா, அங்கே கட்டின வரியை இங்கே தன் கணக்குல கழிச்சுக்கறார். ஒரு ரூபாய் விடாம கம்ப்யூட்டர் கணக்கு வெச்சிருக்கு. நூல் மூட்டைக்கு இருக்கற மரியாதை அதைத் தூக்கற ஆளுக்கு இல்லை. மூட்டை எல்லை தாண்டினா கழிவு, ஆள் தாண்டினா புதுக் கணக்கு.

இதை விட வயித்தெரிச்சல் பழைய சட்டத்துல இருக்கு. 1920-ம் வருசத்து நகராட்சிச் சட்டத்துலயே ஒரு ஏற்பாடு இருந்துச்சு. ஒரு ஊர்ல அந்த அரையாண்டுக்குத் தொழில் வரி கட்டிட்டு வேற ஊருக்கு வேலை மாறிப் போனா, ரசீதைக் காட்டலாம். மறுபடி முழுசாக் கட்ட வேண்டாம், வித்தியாசம் இருந்தா அதை மட்டும் கட்டினாப் போதும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இது! ஆனா மாநிலத்துக்குள்ள மட்டும். 1956 நவம்பர் 1-க்கு முன்னாடி பாலக்காடு மலபார் ஜில்லா, மெட்ராஸ் மாநிலம். கொள்ளேகால் கோயமுத்தூர் ஜில்லாவுல ஒரு தாலுகா. அதாவது எங்க தாத்தா கோயமுத்தூர்ல அரை வருசம் வரி கட்டிட்டுப் பாலக்காட்டுக்கு வேலை மாறியிருந்தா ரசீதைக் காட்டித் தப்பிச்சிருப்பார். பேரன் தப்பிக்க முடியாது. நடுவுல வந்தது ஒரு கோடு. கோயமுத்தூர்ல இருந்து கஞ்சிக்கோடு நாற்பது கிலோமீட்டர் சுமார்தான், திருப்பூர் அதை விடத் தூரம்.

நான் மாணவன், எனக்கு இது ஒரு வருசக் கோபம். வேலை கிடைச்சா மறந்துடுவேன், அதுவும் உண்மைதான். ஆனா காலையில திருப்பூர் ரயில்வே ஸ்டேசன்ல போய் நின்னு பாருங்க. பீகார்ல இருந்து, ஒடிசாவுல இருந்து வந்து இறங்கற பசங்க என் வயசுதான். ஆறு மாசம் பனியன் கம்பெனி, அப்புறம் பெங்களூர்ல கட்டடம், அப்புறம் கேரளா. பீகார்ல வருசம் 3 லட்சம் வரைக்கும் தொழில் வரி இல்லை. அந்தப் பையன் மாசம் 14,000 வாங்கினா சொந்த ஊர்ல அவன் வரி கட்டற ஆளே இல்லை. இங்கே அரையாண்டுக்கு 84,000, சட்டப்படி மேல் தட்டு. லட்சக்கணக்குல வாங்கறவரும் அவனும் ஒரே பெஞ்சு. எனக்காவது சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியும். அவன் கையில அவனுக்குத் தெரியாத மொழியில ஒரு சீட்டு, அதுவும் குடுத்தா.

"அட போப்பா, நடைமுறையில எவன் பிடிக்கறான்"னு ஒரு நண்பன் சொன்னான். சின்னக் கம்பெனிங்க பாதிப் பேர் பிடிக்கறதே இல்லைங்கறது நானும் கேள்விப்பட்டதுதான். அதனால என்ன ஆகுது? ஒழுங்காச் சம்பளச் சீட்டு குடுக்கற இடத்துல வேலை பார்க்கறவன் கட்டறான், மத்தவன் தப்பிக்கறான். ஒழுங்கா இருக்கறதுக்கு அபராதமா?

இன்னொருத்தன் கேட்டான், 2,500-தானே, அதுக்கு மேல போகப் போறதில்லையேன்னு. போகும் ராசா. பதினாலாவது நிதிக்குழு இந்த வரம்பை 12,000 ஆக்கணும்னு ஏற்கெனவே பரிந்துரை பண்ணியாச்சு. மேலே இருக்கறவங்ககிட்ட அதிகமா வாங்கறதுக்குன்னா நான் கை தூக்கறேன், அந்த அஞ்சு லட்சக்காரர் 12,000 கட்டட்டும், நியாயம். ஆனா வரம்பை ஏத்திட்டு, கீழ்த்தட்டை 3,500-லயே விட்டுட்டு, மாநிலத்துக்கு மாநிலம் மீட்டரையும் பூஜ்யத்துல இருந்து ஓட விட்டா? இன்னிக்கு என் 1,400 எவ்வளவு ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

என்ன செய்யணும்கறது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பான் எண்ணுன்னு ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. பிடிக்கற தொழில் வரியை அந்த எண்ணுல பதிஞ்சா எந்த மாநிலத்துல எவ்வளவுன்னு ஒரு நொடியில தெரியும். 276-ல 'ஒரு மாநிலத்துல'ங்கறதை 'நாடு முழுக்கச் சேர்த்து'ன்னு மாத்தறதுக்கு நாடாளுமன்றம் வேணும், அது நடக்கறப்ப நடக்கட்டும். அதுக்கு முன்னாடி தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணும் உக்காந்து ஒருத்தர் ரசீதை ஒருத்தர் ஒத்துக்கலாம், அந்த நியூஜெர்சிக்காரங்க மாதிரி. தண்ணிக்குத்தான் சண்டை போடறோம், ரசீதுக்குமா? அதுவும் முடியாதுன்னா, தமிழ்நாட்டு அரசு தனியாவே அந்த 21,000-ஐ ஏத்தலாம். அதுக்கு டெல்லியோட அனுமதி தேவையில்லை. கர்நாடகா யாரைக் கேட்டு 25,000 ஆக்குச்சு? டெல்லியிலயும் ஹரியானாவுலயும் தொழில் வரியே கிடையாது, அந்த ஊர்ங்க ஒண்ணும் இருட்டுல கிடக்கலை.

படிப்புல ஒரு பாகமா, காலேஜ் கடிதத்தோட போற பயிற்சிக்குக் குடுக்கற உதவித்தொகையைச் சம்பளம்னு எடுத்துக்கறதே சரியாங்கறது தனிக் கேள்வி. கஞ்சிக்கோட்டுல என்னைக் கேண்டீன் வரிசையில நிக்க வெச்சப்ப "நீ ஸ்டாஃப் இல்லை, ட்ரெய்னி"ன்னு பின்னாடி தள்ளினாங்க. வரி பிடிக்கறப்ப மட்டும் ஸ்டாஃப்!

நேத்து சாயங்காலம் நம்ம வார்டு மாமன்ற உறுப்பினர் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதிட்டுப் போனேன். அவர் இல்லை, அங்கே இருந்த அண்ணன் வாங்கிப் படிச்சுப் பார்த்தார். "ஏங்கண்ணு, தொழில் வரியா? சொத்து வரின்னா சொல்லு, ஆளுக்கு ஆள் வர்றாங்க. இதுக்கு நீதான் மொத ஆளு." முத்திரை குத்தி நகல் ஒண்ணு குடுத்தார். நாலு சம்பளச் சீட்டுக்கும் மேல இப்ப அதையும் வெச்சிருக்கேன். வகுப்புல யாருக்கெல்லாம் ரெண்டு மாநிலத்துல பிடிச்சிருக்காங்களோ, உங்க சீட்டை எடுத்துட்டு வியாழக்கிழமை மதியம் கேண்டீனுக்கு வாங்க, சேர்த்து எழுதலாம்.

ஜூன்ல எனக்கு ஹைதராபாத்துல வேலை. அங்கே 20,000-க்கு மேல வாங்கினா மாசம் 200.

டிஸ்கி: அந்த சினிமா விமர்சனம் அடுத்த வாரம் கண்டிப்பா.